மனநிலையும் குற்றப் பொறுப்பும்

செய்த செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவது எப்போது நியாயம் என்பதே தடயவியல் உளவியலின் மூலக் கேள்வி. குற்றம் என்று ஆக, செயல் நடந்தால் மட்டும் போதாது, அதன் பின்னால் குற்ற மனமும் இருக்க வேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை. வயது வந்த எவரும் நல்லது கெட்டது அறிந்து, செய்யவும் விடவும் வல்லவர் என்று சட்டம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. உளவியலோ எந்த நடத்தைக்கும் காரணம் தேடும்: பிறவி, வளர்ப்பு, நோய், மூளை. காரணமெல்லாம் தெரிந்துவிட்டால் தேர்வுக்கு இடமேது? காரணம் இருப்பதாலேயே பொறுப்பு இல்லாமல் போகாது என்று 18ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் வாதிட்டார். நீதிமன்றம் அந்தப் பழைய வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லப் புகுவதில்லை. அது கேட்பது சிறிய கேள்விதான்: சம்பவ நேரத்தில் இவருக்கு அறியும் திறன் இருந்ததா?

இந்தக் கேள்விக்கு வடிவம் கொடுத்தது லண்டனில் நடந்த ஒரு கொலை. 1843 ஜனவரியில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்து மரக் கடைசல்காரர், பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டைப் பின்னாலிருந்து சுட்டார். இரண்டாவது துப்பாக்கியை எடுக்கும்போதே காவலர் ஒருவர் பாய்ந்து பிடித்தார். பீலின் டோரிக் கட்சியினர் தன்னை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள் என்பது மெக்நாட்டனின் அசைக்க முடியாத மாயநம்பிக்கை. மருத்துவர்களின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரி அவரை விடுவித்தது. மீதி வாழ்நாள் மனநலக் காப்பகங்களில் கழிந்தது. பொதுமக்களும் விக்டோரியா அரசியும் கொதித்தார்கள். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. மனநோயால் அறிவு குலைந்து, தான் செய்வது இன்னது என்றோ அது தவறு என்றோ அறியாதிருந்தால் மட்டுமே விலக்கு என்று அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதி. அதைக் கறாராகப் பயன்படுத்தியிருந்தால் மெக்நாட்டனே தப்பியிருப்பாரா என்பது சந்தேகம். மனிதரைச் சுடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் இதே அளவுகோலை எடுத்துக்கொண்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இன்று அது 22ஆம் பிரிவு. மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்தசுவாதீனமின்மை வேறு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டினால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. தவறு என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை என்ற வாதமும் இங்கே செல்லாது. மனத்தை வெறும் அறிவாகப் பார்க்கும் குறை இந்த விதியில் உண்டு. தெரிவதும் தடுத்துக்கொள்ள முடிவதும் ஒன்றல்ல என்பதை எந்த மனநல மருத்துவமனையும் காட்டும்.

நிரூபிப்பதுதான் பெரிய சங்கடம். நிபுணர் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்ப்பது பெரும்பாலும் பல மாதங்கள் கழித்து. இடையில் மாத்திரைகள் தந்திருப்பார்கள், பேச்சு தெளிந்திருக்கும். அதனால் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றிலிருந்து அந்தச் சில நிமிடங்களை ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆயுதத்தை ஒளித்தாரா, ரத்தக்கறையைக் கழுவினாரா, ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா, அதற்கு முந்தைய வாரம் வீட்டாரிடம் என்ன பேசினார்? மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான். ஆனால் சிவில் வழக்கில் போல, இருக்கலாம் என்று நம்பத்தக்க அளவு காட்டினால் போதும் என்று 1964இல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

நிபுணர் எதுவரை பேசலாம்? ஹார்வர்டின் உளவியலாளர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் 1908இல் சாட்சிகளின் நினைவுப் பிழைகளைப் பற்றி நூல் எழுதி, உளவியலைக் கண்டுகொள்ளவில்லை என்று வழக்கறிஞர்களைச் சாடினார். மறு ஆண்டே சட்ட அறிஞர் ஜான் விக்மோர், கற்பனை நீதிமன்றம் ஒன்றில் அவரைக் கூண்டிலேற்றிக் கிண்டல் செய்தார். நினைவு விஷயத்தில் மூன்ஸ்டர்பெர்க் சொன்னதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் போன்றோரின் பிற்கால ஆய்வுகள் பெரிதும் உறுதி செய்தன. பொறுப்பு விஷயம் அப்படியல்ல. அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி 1982இல் சித்தசுவாதீனமின்மையால் குற்றவாளியல்லர் எனப்பட்டதும், அமெரிக்க காங்கிரஸ் 1984இல் சட்டத்தை இறுக்கியது. குற்ற மனம் இருந்ததா என்ற இறுதிக் கேள்விக்குக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிபுணர் கருத்துச் சொல்லக்கூடாது என்றானது. இது சரியான எல்லைதான். நோயின் தன்மையைச் சொல்வது அறிவியல். அந்த நோயோடு வாழ்பவரைத் தண்டிக்கலாமா என்பது சமூகத்தின் நியாயம் பற்றிய முடிவு.

நோயில் படிகள் உண்டு. தீர்ப்பில் குற்றவாளி, குற்றவாளியல்லர் என்ற இரண்டே சொற்கள். இங்கிலாந்து 1957இல் குறைந்த பொறுப்பு என்ற நடுப்படியை ஏற்று, கொலையைக் கீழ்நிலைக் குற்றமாக மாற்ற வழி செய்தது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு படி இல்லை. இங்கே அந்தப் படிகள் தண்டனைக் கட்டத்தில்தான் நுழைகின்றன: தூக்குத் தண்டனை பெற்றபின் கடும் மனநோய்க்கு ஆளான கைதி ஒருவரின் வழக்கில், அந்நோயே தண்டனையைக் குறைக்கத்தக்க காரணம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவரைக் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. தூக்கு ஆயுள் தண்டனையானது.