பிள்ளையில்லாத அத்தைக்கு யார் பூசை வைப்பார்?



பிதாமாதாவைச் சங்கிக்க வேண்டுமென்பது சர்வேசுரனுடைய நான்காம் கற்பனை. ஆகவே தாய் தந்தையர் இறந்தால் வருஷந்தோறும் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் கலியாணம் செய்யாமல், உடன்பிறந்தாருடைய மக்களைத் தூக்கி வளர்த்து மறைந்துபோன அத்தையை நினைப்பது நம்முடைய கடமையா, அல்லது மனமிருந்தால் செய்யும் உபகாரமா? இதற்கு விடை தேட, இத்தாலி தேசத்துப் பெரிய குடும்பம் ஒன்றை நோக்குவோம்.

சியேனா நகரில் பெனின்காசா என்பவர் கம்பளிக்குச் சாயம் தோய்த்துப் பிழைத்து வந்தார். அவர் மனைவி லாப்பா 25 பிள்ளைகளைப் பெற்றாள் என்பார்கள். அவர்களில் அநேகர் இளமையிலேயே மாண்டனர். 1347-ம் ஆண்டில் இக்குடும்பத்தில் பிறந்தவளே அர்ச். கத்தரீனம்மாள். பெற்றோர் கலியாணம் பேசியபோது அவள் தன் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டாள். அர்ச். சாமிநாதருடைய மூன்றாம் சபை உடுப்பைத் தரித்தும், மடத்துக்குப் போகாமல் தகப்பன் வீட்டிலேயே ஜெபதபங்களில் வாழ்ந்தாள். அண்ணன்மாருடைய பிள்ளைகளுக்கு அவள் அத்தை.

1374-ம் ஆண்டில் கொள்ளைநோய் சியேனாவைத் தாக்கிற்று. லாப்பாவின் வீட்டிலிருந்த பேரப்பிள்ளைகள் 11 பேரில் 8 பேர் இறந்ததாகவும், கத்தரீனம்மாள் அவர்களைத் தன் கையாலேயே அடக்கம் செய்ததாகவும் அவளுடைய சரித்திரம் சொல்லுகிறது. அந்நோய்க்கு அஞ்சிச் சொந்தப் பிள்ளைகளையே விட்டோடினவர்கள் உண்டு. பெறாதவளோ ஓடவில்லை.

பாப்பரசர் 11-ம் கிரகோரியார் அவிஞ்ஞோனை விட்டு உரோமாபுரிக்குத் திரும்பும்படி, அவருக்குத் துணிந்து எழுதினவளும் இவளே. அவர் 1377-ல் உரோமை சேர்ந்தார். பாப்பரசருக்கும் பிரபுக்களுக்கும் எழுதிய அவள், பிளாரன்சு நகரிலிருந்த நன்னா என்னும் சிறுபெண்ணுக்கும் ஒரு கடிதம் எழுதினாள். நன்னா அவளுடைய அண்ணன் மகள். இருதயம் விளக்கைப் போன்றது; மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருக்கவேண்டும்; அதாவது பரலோகக் காரியங்களுக்கு விரிந்து, உலகக் காரியங்களுக்குக் குறுகியிருக்க வேண்டுமென்று அச்சிறுமிக்குப் புரியும்படி விளக்கினாள். அத்தனை அலுவலுக்கிடையில் குழந்தைக்கென்று அவள் நேரம் ஒதுக்கினாளல்லவா?

இப்படிப்பட்ட அன்பை எந்தச் சட்டமும் அவளிடம் கேட்கவில்லை. அப்படியானால், கேளாமல் கொடுத்ததற்குக் கைம்மாறும் கேட்க முடியாதே என்று நீர் சொல்லலாம். நியாயந்தான். அத்தை கணக்கு வைக்கவில்லை. நம்மிடம் வந்து கேட்கவும் மாட்டாள். ஆனால் தேவ இஷ்டப்பிரசாதமும் இலவசமாகவே நமக்குக் கிடைத்தது. இலவசமென்று சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்தாமல் இருக்கிறோமா? கேட்பார் இல்லாத கடனைச் செலுத்துவதில்தான் நன்றியறிதல் விளங்கும். மேலும் பிள்ளையுள்ளவளுக்குப் பிள்ளைகள் பூசை வைப்பார்கள். பிள்ளையில்லாதவளுக்கு, அவள் தூக்கி வளர்த்த நம்மைவிட்டால் வேறு யார்?

கத்தரீனம்மாள் 1380-ல், 33-ம் வயதில், உரோமையில் மரித்தாள். லாப்பா மகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தாள். கத்தரீனம்மாளுடைய ஆத்தும குருவாகிய இரெய்முந்து சுவாமியார், அந்த மூதாட்டி சொன்னவைகளையும் கேட்டே சரித்திரம் எழுதினார். 1461-ல் அர்ச்சியசிஷ்டவளாகவும், 1970-ல் வேதபாரகியாகவும் திருச்சபை அவளை உயர்த்தியது. அவளுக்கு நம் ஜெபம் தேவையில்லை. அவளுடைய மன்றாட்டே நமக்குத் தேவை. நம் வீட்டு அத்தையின் காரியமோ வேறு. அவள் இன்னும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கக்கூடும்.

ஆகவே, வாசகரே, இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்தபின் அவள் பேரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்லும். அவளை அறிந்த முதியவர்கள் வீட்டில் இருந்தால், அவளைப்பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யும். அவளுடைய ஆத்துமத்திற்காக ஒரு பூசை கேளும். உம்முடைய அத்தை இன்னும் உயிரோடிருந்தால் பூசைக்குக் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவளைப் பார்த்து வாரும்.