தகவமைதலும் மனமாற்றமும்

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாட்டை நம்பி வாழும் சிற்றூர்கள் பல உண்டு. புவி வெப்பமடைவதால் தாழ்வான சரிவுகளில் இன்று பனி நிலைப்பதில்லை. சில ஊர்கள் எந்திரத்தால் நீரை உறையவைத்துத் தூவுகின்றன. சில, சறுக்குதலை விடுத்து நடைப்பயணிகளை வரவேற்கின்றன. இரண்டும் தகவமைதலே. ஆயினும் அறத்தின் முன் இரண்டும் சமமாகுமா?

இக்கேள்வி கீழவைப்பார் கரையில் வாழும் நமக்கும் உரியது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் மூழ்கிவிட்டன. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளிறின. அவ்வெப்பத்தை மூட்டியவர்கள் பெரும்பாலும் தொலைவில் உள்ளோரே. எனினும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்த கைகள் இக்கரையின் கைகள் அல்லவா?

மீன் குறையும்போது வலைக்கண்ணைச் சுருக்குவதும் ஒரு தகவமைதலே. ஆனால் அது நம் பிள்ளைகளின் பங்கை இன்றே உண்பதாகும். வான் தீவைக் காக்க 2015 முதல் கடலடியில் இறக்கப்பட்ட செயற்கைப் பாறைகளோ அலையைத் தணித்து, மீனுக்கும் உறைவிடம் தருகின்றன. முன்னது எடுக்கிறது, பின்னது திருப்பித் தருகிறது.

தொடக்கநூலில் இறைவன் மனிதனைத் தோட்டத்தின் காவலனாகவே நிறுத்துகிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் சூழலியல் மனமாற்றத்திற்கு நம்மை அழைத்தார். மனமாற்றமில்லாத தகவமைதல் பழைய பேராசைக்குப் புதிய கருவியே. எப்படிப் பிழைப்போம் என்று கேட்கும் நாம், கடலுக்கு என்ன ஈடுசெய்தோம் என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.