மொழியின் செல்வம் எது? – அறபு மொழியை முன்வைத்து ஒரு சிந்தனை

ஒரு மொழியின் வளத்தைப் புகழ விழைவோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே நாடுவர். அறபு மொழியும் இதற்கு விலக்கன்று. சிங்கத்துக்கும் வாளுக்கும் அம்மொழியில் எத்தனை பெயர்கள் உள என்பதை அதன் பழைய சொல்லறிஞர்கள் பெருமையுடன் தொகுத்தனர். மூன்று மெய்களாலான ஒரு வேரிலிருந்து பல சொற்கள் கிளைக்கும் ஒழுங்கும் வியத்தற்குரியது. 'கதப' என்றால் எழுதினான், 'கிதாப்' நூல், 'காதிப்' எழுதுபவன், 'மக்தபா' நூலகம். எனினும், பேழையில் கிடக்கும் பொன்னைப்போல் சொற்கள் நிறைந்திருப்பதுதான் மொழியின் செல்வமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இவ்வினாவின் ஆழத்தைக் காட்டும் வாதமொன்று 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாத் நகரில், அமைச்சர் இப்னுல் புராத்தின் அவையில் நிகழ்ந்தது. ஒருபுறம் அரிஸ்டோட்டிலின் அளவையியலைக் கற்பித்த கிறித்தவ அறிஞர் மத்தா இப்னு யூனுஸ். மறுபுறம் இலக்கண ஆசிரியர் அபூ சயீத் அஸ்-சிராபி. நான்கும் நான்கும் எட்டு என்பது எல்லா இனத்தவர்க்கும் ஒன்றாயிருப்பதுபோல், சிந்தனையின் விதிகளும் மொழிகடந்த பொதுமையுடையன என்றார் மத்தா. நீர் அளவையியல் என்பது கிரேக்க மொழியின் இலக்கணமே. அம்மொழியையும் நீர் அறியீர். சிரியாக்கு மொழிவழியே பெயர்க்கின்றீர் என மறுத்தார் சிராபி. வெற்றி சிராபிக்கே எனப் பதிவு கூறுகின்றது. பதிவுசெய்த அத்-தவ்ஹீதி சிராபியின் மாணவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சிராபியின் மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அரிஸ்டோட்டிலின் கவிதையியலை மத்தாவே அறபில் பெயர்த்தார். நாடக மேடையை அறியாத இலக்கிய மரபில், அவலச்சுவை நாடகம் புகழ்ப்பாட்டாகவும் இன்பியல் நாடகம் வசைப்பாட்டாகவும் மாறின. சொல் கிடைத்தது, பொருள் கைநழுவியது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 950இல் மறைந்த அல்-பாராபி 'கிதாபுல் ஹுரூப்' என்னும் நூலில் இச்சிக்கலை நேர்நின்று ஆராய்ந்தார். கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுவாயையும் பயனிலையையும் இணைக்க ஒரு சொல் உண்டு. அறபில் அத்தகைய சொல் இயல்பாக இல்லை. 'அவன் மாணவன்' என்று வினையின்றியே முடிக்கும் தமிழர்க்கு இவ்விடர்ப்பாடு எளிதில் விளங்கும். மொழிபெயர்ப்பாளர் சிலர் 'அவன்' எனப் பொருள்படும் 'ஹுவ' என்பதையும், வேறு சிலர் 'காணப்பட்டது' எனப் பொருள்படும் 'மவ்ஜூத்' என்பதையும் அவ்விடத்தில் வைத்தனர். 'மவ்ஜூத்' என்பதைக் கையாள்வோர் அதன் பழைய பொருளை அகற்றியே கொள்ளவேண்டும் என எச்சரித்தார் பாராபி. தன்னிடம் இல்லாததை ஒப்புக்கொண்டு, இருக்கும் சொல்லுக்குப் புதுக்கடமை அளித்த இச்செயலிலேயே மொழியின் உண்மைச் செல்வத்தை நான் காண்கின்றேன். உள்பொருள் பற்றிய மெய்யியல் அறபில் வேரூன்றியது இதன் பின்னரே. இப்னு சீனாவின் சிந்தனை இவ்வடித்தளத்தின் மீது எழுந்தது.

இவ்வாக்கத்தில் பங்குகொண்டோர் யாவர்? கலேனின் மருத்துவ நூல்களைத் தேடித் திரட்டிப் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறித்தவர். அறபு இலக்கணத்தின் மூலநூலை இயற்றிய சீபவைஹி பாரசீகர். யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் தலைசிறந்த மெய்யியல் நூலை எழுதியதும் அறபிலேயே. பிறந்தோரால் மட்டுமன்றி வந்து சேர்ந்தோராலும் அம்மொழி உயர்ந்தது.

பெற்றதை அது பேழையில் பூட்டவுமில்லை. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரமோனா ஜெராட் எழுபதுக்கு மேற்பட்ட அறபு நூல்களை இலத்தீனில் ஆக்கினார். அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்த 'அல்-ஜப்ர்' ஐரோப்பாவில் அட்சரகணிதத்தின் பெயராயிற்று. இந்தியரின் 'சூன்யம்' அறபில் வெறுமை எனப் பொருள்படும் 'சிப்ர்' ஆனது. 1202இல் பிபொனாச்சியின் நூலில் 'செபிரும்' ஆனது. இறுதியில் ஐரோப்பியர் வழி 'சைபர்' என நம் நாவுக்கே மீண்டது. இச்சொல் யாருக்குச் சொந்தம் எனக் கேட்பதில் பொருளுண்டோ?

இங்கு ஒரு தடை எழலாம். அறபின் பரவல் அறிவால் மட்டும் நிகழ்ந்ததன்று. அரசு அதற்குத் துணைநின்றது. கலீபா அப்துல் மலிக் (685–705) ஆட்சியில், கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் இருந்த அரச கணக்குகள் அறபுக்கு மாற்றப்பட்டன. எகிப்தின் கொப்திக்கு மொழி காலப்போக்கில் தேவாலய வழிபாட்டளவில் ஒடுங்கியது. இத்தடை நியாயமானதே. அதிகாரத்தால் பரவும் மொழி பிறமொழியை ஒடுக்கவும் கூடும் என்பதை நாம் அறிவோம். ஆனால், தொலேதோவில் அறபு நூல்களைத் தேடியோர் அறபு அரசுக்கு அடங்கியிருந்தோர் அல்லர். அந்நகர் 1085 முதல் கிறித்தவ மன்னர் வசமிருந்தது. வாள் பரப்பிய செல்வாக்கு வாளின் எல்லையோடு நிற்கும். அறிவு பரப்பியது பகைவனின் நூலகத்திலும் இடம்பெறும்.

தமிழின் தொன்மையையும் தூய்மையையும் பேசிப் பழகிய நமக்கு இதிலிருந்து பெறத்தக்கது உண்டு. நாம் அன்றாடம் வழங்கும் 'அமுல்', 'பாக்கி', 'வசூல்' ஆகியவை அறபு வழி வந்தவை. அவற்றால் தமிழ் குன்றிவிடவில்லை. நம் முஸ்லிம் மக்கள் அறபெழுத்தில் தமிழை எழுதி அறபுத்தமிழ் என்னும் மரபொன்றை வளர்த்தனர். அதனால் தமிழ் வளர்ந்தது. 1960களில் நம் பல்கலைக்கழகத்தில் கலைப்பாடங்கள் தாய்மொழியில் கற்பிக்கப்பட்டபோது, பாராபி எதிர்கொண்ட இடர்ப்பாடே நம் விரிவுரையாளர்க்கும் கலைச்சொல்லாக்கத்தில் நேர்ந்தது.

சிராபியின் எச்சரிக்கையும் மத்தாவின் நம்பிக்கையும் நமக்கு ஒருங்கே வேண்டும். முன்னது இல்லையேல் பொருளறியாது பெயர்ப்போம். பின்னது இல்லையேல் பெயர்க்கவே துணியோம். 'எம்மொழியில் எல்லாம் உண்டு' என்பவன் தன் மொழியின் கதவை அடைக்கின்றான். 'இது எம்மிடம் இல்லை. ஆக்குவோம்' என்பவனே அதன் செல்வத்தைப் பெருக்குகின்றான்.