துரைசாமி என்ற பெயர்

தாத்தா அகமது ஷா கட்டிய ஆப்கன் பேரரசை 1793இல் ஏற்றார் சமான் ஷா. அரியணை ஏற உதவிய பாயிந்தா கானையே பின்னர் கொன்றார். பாயிந்தா கானின் பிள்ளைகள் சமான் ஷாவைக் கவிழ்த்தார்கள்; அவர் கண்களும் பறிபோயின.

ஏறக்குறைய அதே காலத்தில் கண்டியிலும் இதே நிலைதான். 1798இல் முதலமைச்சரான பிலிமத்தலாவை அதிகாரம், கண்ணுசாமி என்ற நாயக்க குடும்பத்து இளைஞரை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணை ஏற்றினார். 1811இல் அந்தப் பிலிமத்தலாவைக்கே மரண தண்டனை. மிரண்ட பிரதானிகள் 1815இல் நாட்டை வெள்ளையரிடம் ஒப்படைத்தார்கள். மன்னர் வேலூரில் சிறையிருந்தே இறந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது நம் ஊவாவில் அடுத்து நடந்ததுதான். 1817இல் வெல்லசயில் ஒருவர், "நான் துரைசாமி, நாயக்க அரச குடும்பத்தவன்" என்று கிளம்பினார். உண்மையில் அவர் முன்னர் பிக்குவாக இருந்த சிங்களவர், வில்பாவே. விசாரிக்கப் பதுளையிலிருந்து போன ஆங்கில அதிகாரி வில்சன் அம்புபட்டு மாண்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை (மாகாண ஆளுநர்) கெப்பெட்டிபொலவே கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார்.

தமிழ்ப் பெயர் ஒன்றின் பின்னால் சிங்களக் கிராமங்கள் திரண்ட ஆண்டு அது. மன்னரின் சினம் பெரும்பாலும் பிரதானிகளின் வீடுகளைத்தான் சுட்டது. குடியானவருக்கோ அரசன் இல்லாத நாடே அந்நியமாகப்பட்டது என்று நினைக்கிறேன். பசறை, ஹாலிஎல தோட்டப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். 1818இல் வெள்ளையர் ஊவாவின் வீடுகளையும் நெல்லையும் எரித்தார்கள். நவம்பர் 26இல் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள்.