களிமண்ணில் பிறந்த சிரிப்பு

ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்னும் வினா மிகப் பழையது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் வகுத்தார். வள்ளுவரோ, விளையாட்டிற்காகச் செய்யினும் இகழ்ச்சி துன்பமே தரும் என்பதைப் பண்புடைமை அதிகாரத்தில் வைத்தார். இலக்கணம் நகையின் வகையைக் கூறிற்று. அறநூல் அதன் அளவைக் கூறிற்று. இவ்விரண்டையும் உரைத்துப் பார்ப்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரம் நமக்கு ஓர் உரைகல்லைத் தருகிறது.

ழான் பியேர் தாந்தான் என்னும் சிற்பி 1800ஆம் ஆண்டில் பாரிஸில் பிறந்தவர். முறையாகச் சிற்பம் பயின்றவர். ரூவான் நகரில் நிற்கும் புவால்தியே என்னும் இசைப் புலவரின் பெருஞ்சிலை போன்ற பெருமிதப் படைப்புகளும் அவர் கைவண்ணமே. ஆயினும் அவருக்கு அழியாப் புகழ் தேடித் தந்தவை மேசைமீது வைக்கத்தக்க சிறு கேலி உருவங்களே. களிமண்ணில் வனைந்து, அச்செடுத்துச் சுண்ணச்சாந்தில் வார்த்துப் பல படிகளாக விற்கப்பட்டவை அவை. பீடத்தில் பெயரைப் பொறிப்பதற்கு மாறாக, பட விடுகதை ஒன்றைச் செதுக்கி, பார்ப்பவரே பெயரைக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். அந்த உருவங்களின் பெருந்தொகுதி ஒன்று பாரிஸில் கார்னவாலே அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவர் கையில் அகப்பட்டவர்களுள் இசைவாணர் பலர். 1832இல் வயலின் மேதை பகனினி. 1833இல் பெர்லியோஸ். 1836இல் பியானோவின் முன் லிஸ்ட். 1841இல் ஷோப்பான். பெர்லியோஸின் தலைமுடி ஒரு காடாக வளர்ந்து முகத்தை விழுங்குகிறது. லிஸ்டின் விரல்கள் நீள்கின்றன. பகனினியோ எலும்பும் தோலுமாக, வயலினோடு பிணைந்த ஒரு நிழலாக நிற்கிறார். இசையைக் களிமண்ணில் வடிக்க இயலாது. ஆகவே இசை குடியிருந்த உடலைப் பிடித்துக்கொண்டார் சிற்பி.

இதில் தவறென்ன என்று கேட்கலாம். தாந்தான் பகைமையால் செய்தவர் அல்லர். அவர் கையால் கேலிக்கு உள்ளாவதையே புகழின் அடையாளமாகக் கருதியவர்கள் அக்காலத்தில் உண்டு. மேலும், பகனினியையும் லிஸ்டையும் காண மக்கள் வெறிகொண்டு திரண்ட காலம் அது. தெய்வமாக்கப்பட்ட மனிதனை மீண்டும் மனிதனாக்குவது நகைச்சுவையின் நற்பணிகளுள் ஒன்று. மேடையில் கூந்தலைச் சிலிர்த்துக் காட்டுபவர், அக்கூந்தல் கேலிக்கு உள்ளாகும்போது வருந்துவதற்கு இடமில்லை.

ஆனால் பகனினியின் மெலிவு அவரே விரும்பிப் பூண்ட கோலம் அன்று. நெடுநாள் நோயும், அதற்கு மருந்தெனக் கொடுத்த பாதரசமும் அவர் உடலை அரித்திருந்தன. 1828இல் கீழ்வரிசைப் பற்களையும் இழந்திருந்தார். அவர் சாத்தானோடு உடன்பட்டே அத்திறம் பெற்றார் என்றும், கொலை செய்து சிறையிலிருந்தபோது வயலின் பழகினார் என்றும் ஊர் பேசிற்று. 1831இல் அவரே பாரிஸ் இசை இதழொன்றில் கடிதம் எழுதி அப்பழியை மறுக்க வேண்டியதாயிற்று. தாந்தான் அவ்வதந்தியைப் பரப்பினார் என்று கூறுவதற்கில்லை. எனினும் ஒளிப்படக் கலையை உலகம் அறிந்தது 1839இல்தான். அதற்கு முன்பு, பகனினியை நேரில் காணாதவர் பலருக்கு இத்தகைய உருவங்களே அவர் முகமாயின. நோயைச் சுவையாக்கிய ஓர் உருவம், நோயாளியைப் பற்றி முன்பே பரவிய பொய்க்குத் துணை நிற்காது என்று யார் உறுதி கூற முடியும்? 1840இல் நீஸ் நகரில் அவர் மறைந்தபோது திருச்சபை முறையில் அடக்கம் செய்ய அந்நகர ஆயர் மறுத்தார். பார்மா நகரக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 1876இல்தான்.

இன்னொன்றையும் நினைத்தல் வேண்டும். 1838 டிசம்பரில் பெர்லியோஸின் இசையரங்கு ஒன்றைக் கேட்ட பகனினி, மேடையிலேயே அவர் முன் மண்டியிட்டு வணங்கினார். தொண்டை நோயால் அப்போது அவருக்குக் குரலே இல்லை; சொல்ல விரும்பியதை மகன் வாயிலாகவே சொன்னார். இரண்டு நாள் கழித்து, வறுமையில் இருந்த பெர்லியோஸுக்கு இருபதாயிரம் பிராங்க் அனுப்பினார். பாரிஸின் கடைத்தெரு ஒருவரை எலும்புக்கூடாகவும் மற்றவரைத் தலைமுடியாகவும் அறிந்திருந்தது. அந்த எலும்புக்கூடு மண்டியிட்டது எதன் முன்? தலைமுடியின் முன்னா? இவ்வினாவிற்குக் களிமண்ணில் விடையில்லை. கேலி பொய் சொல்வதில்லை. ஓர் உண்மையைப் பெரிதாக்கி ஏனைய உண்மைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. அதன் குறை அங்கேதான் இருக்கிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. 1968இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் தென்னாட்டு இசையாசிரியராக வந்தார். குடுமியும் பேச்சுச் சாயலுமே அந்த மனிதராயின. அரங்கில் நாமும் சிரித்தோம். மறுநாள் அலுவலகத்தில் நம் பேச்சை அதே சாயலில் ஒருவர் திருப்பிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. ஆனால் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். அண்டை வீட்டுக்காரரின் தமிழையும் தலைப்பாகையையும் நம் கூடத்தில் அமர்ந்து நாம் நடித்துக் காட்டியதில்லையா?

ஆகவே எல்லைக்கோட்டை இவ்வாறு வகுக்கலாம் எனத் தோன்றுகிறது. ஒருவர் தாமே பூண்ட ஆடம்பரத்தை நகையாடலாம். அவர்மேல் விதியோ பிறப்போ பிணியோ ஏற்றிய சுமையை நகையாடுதல் தகாது. சில வேளைகளில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. அப்போது கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: சிரித்து முடித்த பின் அவரது பாட்டைக் கேட்க நமக்கு ஆவல் மிகுகிறதா, குறைகிறதா? மிகுந்தால் அந்நகை அன்பின் பிள்ளை. குறைந்தால், கையில் இருப்பது வெறும் சுண்ணச்சாந்தே.