எல்லைக் கதவும் உறவின் கடனும்

2021 ஏப்ரல் 30 நள்ளிரவை ஒட்டி ஆஸ்திரேலியச் சுகாதார அமைச்சர் கிரெக் ஹன்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கடந்த 14 நாட்களுக்குள் இந்தியாவில் இருந்த எவரும் மே 3 முதல் ஆஸ்திரேலியாவுக்குள் வரக் கூடாது. மீறி வந்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 66,600 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அயல்நாட்டாருக்கு அந்நாட்டின் எல்லை 2020 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே இந்த ஆணை யாரைக் குறிவைத்தது என்பதில் ஐயமில்லை. தன் பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் தன் குடிமக்கள் தன் வீட்டுக்கு வருவதையே ஒரு மக்களாட்சி அரசு சிறைக்குரிய குற்றமாக்கியது.

அந்தத் தடை மே 15 அன்று முடிவுக்கு வந்தது. கொரோனாப் பெருந்தொற்றை அரசு கையாண்ட விதத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. அரசின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை தேய்ந்துபோனதை அது பதிவு செய்தது. ஆனால் அறத்தின் முன் கேள்வி அப்படியே நிற்கிறது. கொள்ளை நோய்க் காலத்தில், கடலுக்கு அப்பால் இருக்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் சென்று சேரும் உரிமையை ஓர் அரசு பறிக்கலாமா? பறிக்கக் கூடாது என்பதே விடை. வருபவரைப் பரிசோதிக்கலாம். 14 நாள் தனியே வைக்கலாம். அதற்கான செலவையும் வாங்கலாம். கதவையே அடைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்ட எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

அந்த மே மாதத்தில் இந்தியாவிலிருந்து நாடு திரும்பப் பதிவு செய்திருந்த ஆஸ்திரேலியர் சுமார் 9,000 பேர். அவர்களில் பலர் நோயில் விழுந்த தாயைப் பார்க்கவும், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவும் வந்தவர்கள். பெற்றோர் உடனில்லாமல் இந்தியாவில் சிக்கியிருந்த குழந்தைகள் மட்டும் 173 பேர் என்று வெளியுறவுத் துறையே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீடுகளில் குழந்தையைச் சில மாதங்கள் தாத்தா பாட்டியிடம் விட்டுவைப்பது நம்மவர் வழக்கம். அப்படி விட்டுவைத்த குழந்தை மூன்று வயதில் இருக்கிறது. தாய் சிட்னியில் இருக்கிறாள். நடுவே சிறைத்தண்டனை இருக்கிறது. இதைச் செய்துவிட்டு ஓர் அரசு இரவில் நிம்மதியாக உறங்க முடியுமா?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். தீராத பிணி அண்டாததே நாடு என்று வள்ளுவரே நாட்டின் இலக்கணத்தை வகுக்கும்போது சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் அதுவரை கொரோனாவுக்குப் பலியானவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அது சிறிய சாதனை அன்று. தனிமை முகாம்களில் நோய் கண்டவர்களில் இந்தியாவிலிருந்து வந்தோரின் பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 57 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்று அமைச்சர் காரணமும் காட்டினார். அச்சம் பொய்யல்ல.

ஆனால் அச்சம் எல்லோர் விஷயத்திலும் ஒரே அளவாக இருந்ததா? 2021 ஜனவரியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது அங்கிருந்து திரும்பிய ஆஸ்திரேலியரைச் சிறையில் தள்ளுவோம் என்று எவரும் மிரட்டவில்லை. அதே ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் போட்டிக்காக வீரர்களும் அலுவலர்களுமாகச் சுமார் 1,200 பேர் தனி விமானங்களில் மெல்பர்னுக்கு அழைத்து வரப்பட்டார்கள். நாடு திரும்ப முடியாமல் 30,000-க்கும் மேற்பட்ட குடிமக்கள் உலகெங்கும் காத்திருந்த நேரம் அது. பந்தாட வருபவருக்கு இடம் இருக்கும் நாட்டில் பெற்ற பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் அங்கே குறைந்திருந்தது இடமா, மனமா? வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் நடுநிலையோடு முறை செய்வதுதான் செங்கோன்மை என்று குறள் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறது. தன் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இந்த ஒன்றுக்காகவே.

அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன், யாரும் உண்மையில் சிறைக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்று பின்னர் சமாதானம் சொன்னார். கோலைக் கடுமையாக ஓங்கி மெல்ல அடிக்க வேண்டும் என்ற குறளை இதற்குச் சான்றாகக் காட்ட நினைப்பவரும் உண்டு. அவர்கள் அதே அதிகாரத்தின் முதல் குறளைப் படிக்கட்டும். குற்றம் எது, அதன் அளவு எது என்று ஆராய்ந்த பிறகே வேந்தன் ஒறுக்க வேண்டும் என்கிறது அது. ஓங்கும் கோலும் குற்றவாளிக்கு நேராகத்தான் ஓங்கப்பட வேண்டும். வீடு திரும்புபவன் செய்த குற்றம் என்ன?

கொடுமையின் இன்னொரு முகம் ஓசையின்றி நீண்டது. விலக்குப் பெற்று ஆஸ்திரேலியாவுக்குள் வரத்தக்க 'நெருங்கிய குடும்பம்' யார் என்று விதி வகுத்தவர்கள் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளை, சட்டப்படியான காப்பாளர் என்று நிறுத்திக்கொண்டார்கள். வளர்ந்த பிள்ளையின் தாயும் தகப்பனும் அதில் இல்லை. 2021 நவம்பர் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் பெற்ற தாய் அந்நியள். 2021-இல் இந்தியாவில் பிறந்தவர் ஆறரை லட்சத்துக்கும் மேல் வாழ்ந்த நாடு அது. வீட்டில் தமிழ் பேசுவோர் மட்டும் சுமார் 95,000 பேர். அந்த வீடுகளில் பிள்ளைப்பேறு என்றால் என்ன பொருள் என்று விதி வகுத்தவர்கள் ஒருவரையேனும் கேட்டிருக்க வேண்டும். மகளுக்கு ஏழாம் மாதம் ஆனதும் தாய் விசாவுக்கு விண்ணப்பிப்பாள். பிரசவ மருந்தும் பெருங்காயமும் பூண்டும் பெட்டியில் ஏறும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்வதும், நடு இரவில் அழும் பேரனைத் தோளில் போட்டு நடப்பதும் அவள் வேலை. அந்த ஆண்டுகளில் எத்தனையோ இளம் தாய்மார் அந்தத் துணை இல்லாமல், ஊரடங்கில், செல்போன் திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதபடி முதல் பிள்ளையை வளர்த்தார்கள்.

நாட்டுக்குள் வரத்தான் தடை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 25 முதல் 2021 நவம்பர் 1 வரை ஆஸ்திரேலியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. தகப்பன் திருச்சியில் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது மகன் படிவம் நிரப்பி, மருத்துவச் சான்று இணைத்து, ஓர் அலுவலரின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்துப் போனாலும் திரும்பி வர விமானத்தில் இடம் கிடைக்குமா என்பது அடுத்த கவலை. 2021 ஜூலையில் ஒரு வாரத்துக்கு உள்ளே வரலாம் என்றிருந்த 6,070 பேர் என்ற வரம்பையும் பாதியாகக் குறைத்தார்கள். வாய்க்கரிசி போட ஆளின்றி, பிள்ளைகள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க எத்தனை சிதைகள் எரிந்தன!

பெற்றோருக்குச் செய்யும் இறுதிக்கடன் எவ்வளவு உறுதியானது என்பதை நம் மரபு துறவிகளைக் கொண்டே காட்டியது. பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருஞ்செல்வத்தைத் தூசியென உதறியவர். ஆனால் தாய் இறந்தபோது ஓடிவந்து சிதை மூட்டினார் என்கிறது அவர் வரலாறு. துறவிக்கு ஈமக்கடன் இல்லை என்ற விதியை மீறித் தாய்க்கு எரியூட்டினார் ஆதிசங்கரர் என்பதும் மரபு. இராமாயணத்தில் பரதன் வந்து சேரும் வரை தசரதனின் உடலை எண்ணெயில் இட்டுக் காத்தார்கள். நாடு அரசனின்றி நின்றபோதும் மகனுக்காகக் காத்திருந்தார்கள். துறவின் விதியே தாயின் சிதை முன் வளைந்து கொடுத்ததென்றால் குடியேற்ற அலுவலகத்தின் விதி எம்மாத்திரம்?

உறவு என்பது இரத்தத்தோடும் முடிவதில்லை. உறையூரில் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், நேரில் கண்டே அறியாத தன் நண்பர் பிசிராந்தையாருக்கு அருகில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். பாண்டிய நாட்டிலிருந்து எல்லை கடந்து வந்த அந்தப் புலவர் அவ்விடத்தில் அமர்ந்தார். அதே உறையூரில், ஓர் அரசனிடமிருந்து இன்னோர் அரசனிடம் வந்த புலவன் இளந்தத்தனைச் சோழன் நெடுங்கிள்ளி ஒற்றன் என்று ஐயுற்றுக் கொல்லப் புகுந்தபோது, புலவர் கோவூர் கிழார் இடைபுகுந்து பாடிக் காப்பாற்றினார். வெளியிலிருந்து வருபவனைக் கண்டதும் பகைவன் என்று அஞ்சுவது அரசர்களின் பழைய நோய். அந்த அச்சத்தை எடுத்துச் சொல்லித் திருத்துவது சான்றோர் கடமையாக இருந்தது.

வேறு வழியே இல்லாமல் போயிருந்தால்கூட மன்னிக்க ஏதோ இடம் இருக்கும். வழி இருந்தது. நோய்த்தடுப்புத் தனிமை மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ஆஸ்திரேலிய அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் அப்பொறுப்பின் பெரும்பகுதி மாநிலங்களின் ஹோட்டல் அறைகளில் விடப்பட்டது. டார்வினுக்கு அருகே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், தொழிலாளர் குடியிருப்பாக இருந்த தனித்தனி வீடுகளில் வந்தவர்களைத் தங்கவைத்தபோது அது நன்றாகவே நடந்தது. அவசரத் தேவைக்கென்று தேசிய அளவில் ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும் என்று ஹோட்டல் தனிமையைப் பற்றிய ஜேன் ஹால்டனின் ஆய்வு 2020 அக்டோபரிலேயே பரிந்துரைத்தது. ஆறு மாதங்கள் கையில் இருந்தன. அந்த ஆறு மாதங்களில் கட்டாத முகாமுக்கான விலையை டெல்லியிலும் சென்னையிலும் சிக்கியவர்கள் செலுத்தினார்கள். தடை முடிந்து முதல் விமானம் மே 15 அன்று டார்வினில் இறங்கியபோதும், பரிசோதனையின் பேரில் 70-க்கும் மேற்பட்டோர் டெல்லியிலேயே விடப்பட்டார்கள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையை நாம் போற்றுகிறோம். அரசனிடம் அவள் கேட்டுப் பெற்ற வரம் அது. அவள் கையில் இருந்தது ஒரு பாத்திரம். இவர்கள் கையில் ஒரு வளமான நாட்டின் கருவூலம் இருந்தது.

நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லும் என்றுதானே சொன்னது என்று கேட்கலாம். ஆம், 2021 மே 10 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. சட்டம் அமைச்சருக்கு அவ்வளவு அதிகாரம் தந்திருக்கிறது என்பதே அத்தீர்ப்பின் சாரம். எவரும் தன் நாட்டுக்குத் திரும்பலாம் என்கிறது 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு. அந்த உறுதிமொழியை உள்நாட்டில் காக்க அங்கே அடிப்படை உரிமைச் சாசனம் இல்லை. சட்டப்படி சரி என்பதோடு அறம் முடிந்துவிடும் என்றால், கோவலன் வழக்கில் பாண்டியன் உயிர்விட்டிருக்க வேண்டியதே இல்லை.

நம் பக்கமும் தூய்மையானதல்ல. 2020-இல் தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் கேட்டோம். ஆனாலும் இறப்பு, திருமணம், அவசர மருத்துவம் என்ற மூன்றையும் காரணமாக ஏற்றுக்கொண்டிருந்தோம். அந்த எளிய படிவத்தை வகுத்தவர்களுக்குத் தெரிந்த மனித இயல்பு ஒரு பெரிய நாட்டின் அமைச்சரவைக்குத் தெரியாமல் போனது வேதனை.

ஆள்வோரே, குடும்பம் என்பது நீங்கள் அளந்து கொடுக்கும் சலுகை அல்ல. சுற்றந்தழால் என்ற அதிகாரத்தை வள்ளுவர் இல்லறத்தில் வைக்காமல் அரசியலில் வைத்தார். அது அரசனின் சுற்றத்தைப் பற்றியது என்று உரையாசிரியர்கள் கூறுவது உண்மைதான். தன் சுற்றத்தைத் தழுவிக்கொள்ளக் கற்ற அரசனே பிறர் சுற்றத்தின் அருமையையும் அறிவான். பெற்றோரையும் நெருங்கிய குடும்பமாக ஏற்கும் விலக்கை 2021 நவம்பரில் கொடுத்தீர்கள். அது எல்லைத் தடைகளோடு சேர்ந்து காலாவதியான ஓர் ஏற்பாடு. அந்த இந்தியத் தடை பிறந்த 2015-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம், அமைச்சர் ஒருவர் இடும் அத்தகைய ஆணையை நாடாளுமன்றம் ரத்து செய்யவும் வழி வைக்கவில்லை. அடுத்த தொற்று வருவதற்கு முன்பாக அந்தச் சட்டத்தைத் திருத்துங்கள். தன் குடிமகன் வீடு திரும்புவதை எந்த ஆணையும் குற்றமாக்க முடியாது என்று அதில் எழுதுங்கள். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் போவதற்கு அனுமதி கேட்கும் நிலை இனி இல்லை என்று எழுதுங்கள். பெற்றோர் யார் என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள்.