எழுதியவரின் கணக்கு

பங்குச் சந்தையில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகம் போட்டவர்கள் பணம் பண்ணினார்களா? ஜெஸ்ஸி லிவர்மோர் பண்ணினார். பண்ணியதை விட்டும் தொலைத்தார்.

1929-ல் நியூயார்க் சந்தை சரிந்தபோது, பங்குகளைக் கடன் வாங்கி முன்கூட்டியே விற்று வைத்திருந்த அவர் சுமார் 10 கோடி டாலர் அள்ளினார் என்பார்கள். 1934-ல் அதே மனிதர் திவால். வர்த்தகம் செய்வது எப்படி என்று அவர் தம் பெயரில் நூல் வெளியிட்டது அதற்கும் பிறகு, 1940-ல். அந்த நவம்பரிலேயே தற்கொலை செய்துகொண்டார். வர்த்தகர்கள் இன்றும் கொண்டாடுகிற, அவர் வாழ்க்கையை ஒட்டிய 1923-ஆம் ஆண்டுப் புத்தகமோ எட்வின் லெஃபெவர் என்ற பத்திரிகையாளர் எழுதியது!

பெஞ்சமின் கிரகாம் வேறு ரகம். 1929 சரிவில் கையைச் சுட்டுக்கொண்டவர், 1934-ல் டேவிட் டாட்டுடன் சேர்ந்து முதலீட்டுப் பாடநூலே எழுதினார். ஜெயித்தும் காட்டினார். ஆனால் 1948-ல் கெய்கோ காப்பீட்டு நிறுவனத்தில் பாதியை வாங்க, தாம் நடத்திய முதலீட்டு நிதியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை ஒரே இடத்தில் கொட்டினார். பணத்தைப் பிரித்துப் போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்! மற்ற முதலீடுகள் அனைத்தும் தந்த லாபத்தைவிட அந்த ஒன்று தந்தது அதிகம் என்று பின்னாளில் அவரே எழுதினார்.